உரோம் நகரில் நான்கு நாட்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பார்க்கப் போகும் பயணத்தில் உரோம் நகரையும் சேர்த்துக்கொள்ள விரும்பும் வாசகர்களிடமிருந்து அண்மைக் காலத்தில் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்தைத் தெரிந்தெடுத்து, மற்றவர்களுக்கும் பயன்படும் வகையில் இம்முறை பதில் எழுதுகிறேன். குறிப்பிட்டுள்ள கட்டணங்கள் மாறக்கூடியவை. பதிவு செய்யுமுன் அந்தந்த இடத்தின் சொந்த இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் பாரிஸில் குடும்பத்துடன் வசிக்கிறாள். அவளிடம் இரண்டு கிழமை தங்குவதற்குப் போகும்போது, அதில் நான்கு நாட்களை உரோமில் கழிக்க நானும் கணவரும் எண்ணியிருக்கிறோம். இத்தாலிக்கெனத் தனியாக வீசா எடுக்க வேண்டுமா? எந்த மாதம் நல்லது?
– இளைப்பாறிய ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: பிரான்சும் இத்தாலியும் ஷெங்கன் வலயத்துக்குள் இருப்பதால், ஒரே வீசாவில் இரண்டு நாடுகளுக்கும் போகலாம். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கூடுதலான நாட்கள் எங்கே தங்கப் போகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பயணத்தில் அது பிரான்ஸ். இரண்டு நாடுகளிலும் நாட்கள் சமமாக இருந்தால் மட்டும், முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்கலாம். ஒரு நாட்டின் வீசா எளிதில் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, அங்கே பத்து நாள் தங்குவதாக விடுதிப் பதிவைக் காட்டி வீசா எடுத்துவிட்டு, போனதும் அப்பதிவை நீக்கிவிட்டு உறவினர் வீட்டிலேயே இருந்துவிடும் வழக்கம் நம்மவரிடையே இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எல்லையில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது என்பதுடன், பேரப்பிள்ளைகளைப் பார்க்க அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அதுவே உங்களுக்குத் தடையாக வந்து நிற்கும்.

உங்களைத் தன் வீட்டில் தங்கவைப்பதற்கான சான்றிதழை, பாரிஸில் நம்மவர்கள் மெறி என்று சொல்லும் நகரசபை அலுவலகத்தில் மகள் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்குச் சில கிழமைகள் பிடிக்கலாம் என்பதால் முதலில் அதைத் தொடங்கச் சொல்லுங்கள். உரோமில் தங்கும் இரவுகளுக்கு விடுதிப் பதிவைத் தனியே இணைக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கானதாகவும் ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியானதாகவும் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு, அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். வயது வந்தவருக்கு வீசாக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். முடிவு சாதாரணமாகப் 15 நாட்களில் வரும் என்றாலும் 45 நாட்கள் வரை நீள இடமுண்டு. ஆகவே மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது மனத்துக்கு நிம்மதி. இடையில் இலண்டனுக்கும் போய்த் திரும்பும் எண்ணம் இருந்தால், பிரித்தானியா ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், அதற்குத் தனி வீசாவும், ஷெங்கன் வீசாவில் ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவுகளுக்கான அனுமதியும் வேண்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை, மே மாதமும் செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரையும் மிக நல்ல காலம். ஏப்ரலும் இதமானதே, ஆனால் உயிர்த்த ஞாயிறை ஒட்டிய நாட்களில் நகரம் நிறைந்து வழியும், விடுதி வாடகையும் ஏறிவிடும். பாரிஸிலிருந்து உரோமுக்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அந்தப் பயணத்தில் குடிவரவுச் சோதனை வழக்கமாக இராது என்றாலும், கடவுச்சீட்டைப் பாரிஸிலேயே வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

கேள்வி: ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் 12, 15 வயதுடைய எங்கள் பிள்ளைகளுடன் போகிறோம். நான்கு முழு நாட்கள் கிடைக்கும். பயண முகவர் தந்த நிரலில் உரோம், புளோரன்ஸ், பொம்பேயி மூன்றும் இருக்கின்றன. இது சரிவருமா? எவற்றை முற்பதிவு செய்ய வேண்டும்?
– ஒரு தந்தை, தெஹிவளை

பதில்: சரிவராது. விரைவு ரயிலில் புளோரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். நேப்பிள்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து வேறொரு ரயில் மாறிப் பொம்பேயிக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல். தாளில் எழுதும்போது இவை சிறிய தூரமாகத் தெரியும். ஆனால் விடுதியிலிருந்து நிலையம், நிலையத்தில் காத்திருப்பு, வெயிலில் நடை என்று கூட்டிப் பார்த்தால், நான்கு நாட்களில் இரண்டு வெளியூர்களிலேயே போய்விடும். உரோம் நகரில் படமெடுப்பதற்கு மட்டுமே நேரம் மிஞ்சும். பொம்பேயியை விட்டுவிட்டு ஒஸ்தியா அந்திகாவுக்குப் போங்கள் என்பேன். அது பண்டைய உரோமின் துறைமுகப் பட்டினம். பிரமிதே சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய சிறு நிலையத்திலிருந்து ஏறத்தாழ அரை மணி நேரத்தில், நகரப் பயணச்சீட்டிலேயே போய்விடலாம். மாடிக் குடியிருப்புகள், மா அரைத்த கல் எந்திரங்கள், மதுக்கடையின் கல் மேடை எல்லாவற்றையும் அங்கே கிட்ட நின்று பார்க்க முடியும். வணிகர் சதுக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி ஏறத்தாழ 60 கப்பல் வணிகர்களுக்கும் தொழிற் சங்கங்களுக்கும் உரிய அறைகள் இருந்தன. ஒவ்வோர் அறையின் முன்னும் கறுப்பு வெள்ளைக் கற்களைப் பதித்து, கப்பல், கலங்கரை விளக்கம், மீன், தானிய அளவை என்று அவரவர் தொழிலை நிலத்திலேயே வரைந்திருக்கிறார்கள். வட ஆபிரிக்காவின் சப்ராதா நகர வணிகர்களின் அறைக்கு முன்னால் ஒரு யானை நிற்கிறது. பிள்ளைகள் அந்த யானையைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். திங்கட்கிழமைகளில் ஒஸ்தியா மூடியிருக்கும்.

மற்ற மூன்று நாட்களையும், பார்க்கும் இடங்களின் பட்டியலை வைத்துத் திட்டமிடாமல், பகுதி பகுதியாகவும் நேரத்தைக் கணக்கிட்டும் திட்டமிடுங்கள். ஆகஸ்டில் வெப்பம் 35 பாகையைத் தாண்டும் நாட்கள் அதிகம். கொழும்பு வெயிலுக்குப் பழகிய நமக்கு அது பெரிதல்ல என்று எண்ண வேண்டாம். நிழலில்லாத கல் வெளிகளில் மணிக்கணக்காக நடப்பது வேறு விதமான களைப்பு. காலை எட்டு மணிக்கே வெளியே இறங்கி, ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்து, ஐந்து மணிக்குப் பின் மறுபடியும் புறப்படுங்கள். அந்த மாதத்தில் இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். பெரும்பாலான தேவாலயங்களும் நண்பகலில் மூடப்பட்டு, மூன்று அல்லது நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கின்றன என்பதால், இந்த ஒழுங்கு அவற்றுக்கும் பொருந்தும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் குடும்பங்கள் நடத்தும் சிறிய உணவகங்கள் பலவும் விடுமுறைக்காகப் பூட்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முற்பதிவு கட்டாயமாக வேண்டியவை இரண்டு: கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகங்கள். கொலோசியத்தின் சாதாரணச் சீட்டு 18 யூரோ. ஃபோரம் என்னும் பழைய நகரத் திடலுக்கும் பலத்தீன் குன்றுக்கும் அதே சீட்டுச் செல்லும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் அவர்களுக்கும் நேரம் குறித்த சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் பெயர் அச்சிடப்படுவதால், கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரை எழுதுங்கள். தந்தை பெயர் முதலில் வரும் நம் வழக்கத்தால் பெயர்கள் இடம் மாறிவிடுவது எளிது. 30 நாட்களுக்கு முன்னர்தான் சீட்டுகள் விற்பனைக்கு வரும், விரைவில் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் இடைத்தரகர்கள் இரண்டு மூன்று மடங்கு விலை சொல்வார்கள்.

கொலோசியத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவை வெளிச் சுவரிலேயே இருக்கின்றன. கி.பி. 80இல் தீத்து மன்னர் திறந்துவைத்த இந்த அரங்குக்கு 80 வாயில்கள் இருந்தன. எஞ்சியுள்ள வெளி வளைவுகளின் மேல் உரோமன் இலக்கங்கள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் வாசிக்கலாம். பார்வையாளர் தம் அனுமதி வில்லையிலுள்ள இலக்கத்தைப் பார்த்து, அதற்குரிய வாயிலால் நுழைந்தார்கள். சுவரெங்கும் தெரியும் குழிகள், கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகளைப் பிற்காலத்தவர் பெயர்த்தெடுத்த இடங்கள். ஃபோரத்தையும் பார்த்து முடித்தால் மதியமாகிவிடும். அன்று மட்டும் ஐந்து மணி வரை காத்திராமல், பிற்பகலில் ஆலயம் மறுபடி திறந்ததுமே, பத்து நிமிட நடையில் இருக்கும் சான் கிளெமெந்தே ஆலயத்துக்குப் போங்கள். மேலே 12ஆம் நூற்றாண்டு ஆலயம். படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டு ஆலயம். அதற்கும் கீழே முதலாம் நூற்றாண்டுக் கட்டடங்களும் மித்ரா என்னும் தெய்வத்தை வழிபட்ட குகை போன்ற அறையும். ஒரு நகரம் தன் மேலேயே எப்படி எழும்பிக்கொண்டது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் உரோமிலும் குறைவு. மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

பாந்தியன் என்னும் பண்டைய கோவிலுக்கு இன்னொரு மாலை. ஹட்ரியன் மன்னர் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 126இல் முடிந்த அதன் கூரை 43.3 மீற்றர் அகலமான ஒரே குவிமாடம். உள்ளே கம்பி எதுவும் இல்லாத கொங்கிறீற்று. அடியில் ஆறு மீற்றர் தடிப்பாகவும் கனமான கற்கள் கலந்தும் தொடங்கி, மேலே போகப்போகச் சுவரை மெலிதாக்கி, உச்சியை நெருங்கும்போது நீரில் மிதக்கக்கூடிய எரிமலைக் கல்லைக் கலந்திருக்கிறார்கள். பாரம் குறைந்துகொண்டே போவதால்தான் அது இன்றும் நிற்கிறது. உச்சியில் ஏறக்குறைய 9 மீற்றர் அகலத்தில் திறந்த வட்டம். மழை நேரே உள்ளே விழும். தளம் நடுவில் சற்று உயர்ந்திருப்பதையும், பளிங்கில் துளைத்த சிறு வடிகால் துளைகளையும் குனிந்து பார்த்தால் காணலாம். கணிதமும் விஞ்ஞானமும் படிக்கும் உங்கள் மூத்த பிள்ளைக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அங்கிருந்து நவோனா சதுக்கம், ட்ரெவி நீரூற்று எல்லாம் நடை தூரம். தெருவோரங்களில் இடையறாது ஓடும் வார்ப்பிரும்புக் குழாய்களின் நீர் குடிக்கத் தகுந்தது. ஆளுக்கொரு போத்தல் எடுத்துப் போனால் தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

கேள்வி: 2015இல் மடுத் திருத்தலத்தில் பாப்பரசர் பிரான்சிஸை நேரில் கண்ட என் அம்மாவுக்கு, அவருடைய கல்லறையில் செபிக்க வேண்டும் என்பது பெரிய ஆசை. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. உரோம் அவருக்குச் சரிப்படுமா? புதிய பாப்பரசரைக் காண முடியுமா?
– ஒரு மகள், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மாவைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். பாப்பரசர் பிரான்சிஸ், 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்தபின், தம் விருப்பப்படி வத்திக்கானுக்கு வெளியே மரியா மஜோரே பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அது தேர்மினி ரயில் நிலையத்துக்கு அருகில் இருப்பது உங்களுக்கு வசதி. இடப்பக்கப் பக்கச் சிறகில், பிரான்சிஸ்குஸ் என்ற ஒரே சொல் பொறித்த எளிமையான கல்லறை, நுழைவதற்குக் கட்டணமில்லை. காலையில் நேரத்தோடு போனால் வரிசை குறைவாக இருக்கும். விடுதியையும் அந்தப் பகுதியிலேயே எடுத்தால், அம்மா விரும்பும்போது இரண்டாம் முறையும் போய்வரலாம். பதிவு செய்யுமுன் மின்தூக்கி இருக்கிறதா, அதற்கு ஏறுமுன் படிகள் இருக்கின்றனவா என்று எழுதிக் கேளுங்கள். பழைய கட்டடங்களின் மேல்மாடிகளில் நடக்கும் விடுதிகள் அங்கே ஏராளம்.

அம்மாவின் முழங்காலுக்குப் பெரிய சோதனை, தெருக்களில் பதித்திருக்கும் சிறு கருங்கற்கள். மழையில் வழுக்கும், காய்ந்திருக்கும்போதும் பாதம் சமமாகப் பதியாது. அடிப்பகுதி தடித்த, பழகிய சப்பாத்து வேண்டும். செருப்புடன் நடக்க விடாதீர்கள். ஃபியுமிசீனோ விமான நிலையத்திலிருந்து பழைய மதிலுக்குட்பட்ட நகரத்துக்கு வெள்ளை டாக்சிகளில் நிலையான கட்டணம் உண்டு. தற்போது 55 யூரோ. ரயிலில் ஏறி இறங்குவதைவிட உங்கள் இருவருக்கும் அதுவே நல்லது. ஃபோரத்தின் கரடுமுரடான பாதைகளை அம்மாவுக்காக விட்டுவிடுங்கள். கொலோசியத்தில் மின்தூக்கி உண்டு. புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்கு ஏறும் எண்ணம் வேண்டாம். மின்தூக்கியில் போனாலும் அதன் பின் 300க்கு மேற்பட்ட ஒடுங்கிய படிகள் இருக்கின்றன.

2025 மே மாதத்தில் தெரிவான பாப்பரசர் பதினான்காம் லியோவை, அவர் உரோமில் இருக்கும் காலங்களில், புதன்கிழமைக் காலைப் பொதுச் சந்திப்பில் காணலாம். அதற்கான அனுமதிச்சீட்டு முற்றிலும் இலவசம். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஞாயிறு நண்பகல் மூவேளைச் செபத்துக்கு அனுமதிச்சீட்டே தேவையில்லை. ஆலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை தாராளமாக உடுத்திப் போகலாம்.

கேள்வி: பண்டைய உரோமுக்கும் இலங்கைக்கும் தொடர்பு இருந்தது என்று வகுப்பில் படித்தோம். அங்கே போனால் அதை எங்காவது பார்க்க முடியுமா?
– க.பொ.த. சாதாரண தர மாணவன், கொழும்பு 6

பதில்: தம்பி, பார்க்க முடியும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற உரோமானிய அறிஞர் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர், அரேபியக் கரையோரமாகப் போகும்போது காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் தப்ரொபேன் என்று அவர்கள் அழைத்த நம் தீவை அடைந்தார். அவரிடமிருந்த வெள்ளி நாணயங்களில் வெவ்வேறு மன்னர்களின் முகங்கள் இருந்தும் எல்லாம் ஒரே நிறையாக இருந்ததைக் கண்டு இங்கிருந்த அரசன் வியந்து, கிளவுதியுஸ் மன்னரிடம் நான்கு தூதர்களை அனுப்பினான் என்கிறார் பிளினி. கிளவுதியுஸ் ஆண்டது கி.பி. 41 முதல் 54 வரை. பிற்கால உரோமானியச் செப்பு நாணயங்கள் இலங்கையில் பெருமளவில் கிடைத்திருக்கின்றன.

ஃபோரத்தில் புனித வீதி வழியே நடக்கும்போது, மூன்று பெரிய வளைவுகள் மட்டும் எஞ்சி நிற்கும் மக்ஸேன்சியுஸ் மண்டபத்தைப் பார்ப்பாய். அது நிற்கும் இடத்தில், அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் டொமிசியன் மன்னர் கட்டிய மிளகுக் களஞ்சியம் இருந்தது. யவனர் பொன்னொடு வந்து மிளகோடு திரும்பியதாகச் சங்கப் பாடல் சொல்லும் முசிறித் துறைமுகத்தின் சரக்கு போய்ச் சேர்ந்தது அப்படிப்பட்ட களஞ்சியங்களுக்குத்தான். கி.பி. 408இல் உரோமை முற்றுகையிட்ட கோத்திய மன்னன் அலாரிக், விலகிப் போவதற்குக் கேட்ட பொருட்களில் பொன், வெள்ளியுடன் 3,000 இறாத்தல் மிளகும் இருந்தது. உன் வரலாற்று ஆசிரியரிடம் இதைச் சொல்; வகுப்புக்கும் பயன்படும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம்; முட்டையும் சாப்பிடுவதில்லை. நான்கு நாட்களும் பழமும் பாணும்தானா?
– ஒரு குடும்பத் தலைவி, பம்பலப்பிட்டி

பதில்: இல்லை. இத்தாலியச் சமையலில் மரக்கறிக்கு நல்ல இடமுண்டு. ஆனால் பெயரை நம்பாமல் கேட்டுச் சாப்பிட வேண்டும். மரினாரா பீட்சா என்றால் கடலுணவு என்று பலர் விலக்குகிறார்கள். அதில் தக்காளி, உள்ளி, ஒரிகானோ, ஒலிவ் எண்ணெய் மட்டுமே, பாற்கட்டிகூட இல்லை. உங்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான உணவு அங்கே கிடையாது. மாறாக, சுப்ளி என்னும் பொரித்த சோற்று உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிச் சாறும், புந்தரெல்லே என்னும் பச்சைக் கீரைச் சம்பலில் நெத்தலி போன்ற சிறு மீனும் இருக்கும். உரோமின் புகழ்பெற்ற பெகொரினோ பாற்கட்டியையும் பார்மிஜானோவையும் உறையவைக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். இதைப் பொருட்படுத்துபவர்கள் மிளகும் பாற்கட்டியும் சேர்ந்த கச்சோ எ பெப்பே பாஸ்தாவையும் தவிர்க்க வேண்டியிருக்கும். உலர்ந்த பாஸ்தாவில் வழக்கமாக முட்டை இல்லை. கையால் செய்த புதிய பாஸ்தாவில் உண்டு. தக்காளியும் உறைப்பு மிளகாயும் சேர்த்த அராபியாத்தா, நம் நாவுக்கு ஒத்துப்போகும். பாற்கட்டி தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூனைப்பூவை (ஆர்ட்டிசோக்) முழுதாக எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்துத் தரும் யூதர் பகுதி உணவகங்களுக்கும் ஒருமுறை போங்கள். குளிர்கால முடிவிலும் இளவேனிலிலும் அது மிக நன்றாக இருக்கும்.

ஒரு துண்டுக் கடதாசியில், சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா வோவா (senza carne, senza pesce, senza uova) என்று இத்தாலிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பரிசாரகரிடம் காட்டுங்கள். இறைச்சியும் மீனும் முட்டையும் இல்லாமல் என்பது அதன் பொருள். இரவு உணவகங்கள் ஏழரை மணிக்குப் பிறகே திறப்பதால், பிள்ளைகளுக்குப் பசித்தால் நிறை பார்த்து வெட்டித் தரும் பீட்சாக் கடைகளில் உருளைக்கிழங்குப் பீட்சா வாங்கிக் கொடுக்கலாம். சோறில்லாமல் முடியாது என்றால் சமையலறையுள்ள வாடகை வீட்டை எடுங்கள். தேர்மினிக்கு அருகே, விட்டோரியோ சதுக்கத்தை அடுத்துள்ள எஸ்குலினோ சந்தையில் தெற்காசியக் கடைகள் நிறைய இருக்கின்றன. அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் அங்கே வாங்கலாம். மிளகாய்த் தூள் மட்டும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். காலையில் போனால் மரக்கறி புதிதாக இருக்கும்; பிற்பகலில் கடைகளைக் கட்டிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.